ஓராள் நாடு

கபாரு நாட்டின் குடியரசுத் தலைவி கரையில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கடல்நாடுகளின் ஆய்வாளன் இன்னாசி மச்சாது சூரியப் படகை மணலில் ஏற்றிவிட்டு, ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளை ஆரம்பித்தான்.

"இங்கன யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றாள் டொமிங்கா.

"ஆட்சி?"

"அதுவும் நாந்தான். நேத்து மழை பெய்யச் சொல்லி உத்தரவு போட்டேன். கேக்க மாட்டேங்குது."

"பிழைப்பு?"

பக்கத்திலிருந்த முந்திரிக்கொட்டைச் சாக்கைக் காலால் தள்ளினாள். அவன் அதை விலைக்கு வாங்கிப் படகில் போட்டான். கபாருவின் ஏற்றுமதி அத்துடன் முடிந்தது. நாடு இன்னும் ஓராண்டு உயிரோடு இருக்கும் என்று இன்னாசி இருப்புச் சான்றில் விரலை வைத்தான்.

ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு காலத்தில் கபாருவுக்கு இருபது தீவுகளும் ஒரு சேற்றுக் கரையும் இருந்தன. நெல் விளைந்தது, முந்திரி காய்த்தது, மந்திரிகள் சண்டை போட்டார்கள். கடல் ஏறி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது இந்த மேடும் சில முந்திரி மரங்களும் ஒரு பனந்தோப்பும்தான். சனங்கள் லிஸ்பனுக்கும் டக்காருக்கும் போய்விட்டார்கள்.

ஆனால் கடல்நாடுகள் உடன்படிக்கை ஒரு வழி வைத்திருந்தது. சொந்த மண்ணில் ஒரு குடிமகன் தங்கி, ஆட்சி செய்து, பிழைத்துக்கொண்டிருக்கும்வரை அது நாடுதான். சுற்றிலும் உள்ள கடலும் அதற்கே சொந்தம். அந்தக் கடலில் மீன் பிடிக்கும் கப்பல்கள் கட்டும் வாடகையில்தான் ஊர் ஊராகச் சிதறிய கபாருப் பிள்ளைகள் படித்தார்கள். மேட்டின் நடுவே நின்ற மூச்சுமானி ஒரு நாள் முழுக்க மனித மூச்சை உணராவிட்டால் நாடு அழிந்தது. கல்யாணம், கருமாதி எதற்கும் விடுப்பு கிடையாது. தனக்கு மாற்றாக ஆள் வேண்டும் என்று டொமிங்கா உலகெங்கும் இருந்த கபாருக்காரர்களைக் கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் உருகி உருகி தேசபக்திப் பாட்டு அனுப்பினார்கள். ஆள் வரவில்லை.

இன்னாசிக்கும் இது வேலை மட்டும் இல்லை. அவள் பேசும் கிரியோல் மொழியை அவன் காதிலிருந்த மொழிமாற்றி தூத்துக்குடித் தமிழாக்கிச் சொல்லும். அந்த ஊரில் அவன் தெருவைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தத் தமிழை வேறு எங்கும் அவன் கேட்டதில்லை. கருவிதான் பேசுகிறது என்று தெரியும். தெரிந்தும் ஆண்டு முழுக்க இந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பான். பாவப்பட்ட காத்திருப்பு அது.

"எம் மகளுக்கு லிஸ்பன்ல கல்யாணம்" என்றாள் டொமிங்கா. "அடுத்த வாரம்."

"நீங்க போக முடியாதே."

"தெரியும். அதான் உங்களுக்கு மீன் ஆக்குதேன்."

அந்த மீனுக்கு என்ன பொருள் என்று இன்னாசிக்குத் தெரியும். கபாருவில் பெண்தான் ஆணைக் கல்யாணத்துக்குக் கேட்பாள். வாயால் கேட்பதில்லை. மீன் சமைத்து முன்னால் தட்டு வைப்பாள். அவன் சாப்பிட்டால் புருஷன். எழுந்துபோனால் ஒன்றும் இல்லை. தாலியும் வேண்டாம், சாமியாரும் வேண்டாம். தட்டு காலியான நிமிடமே அவன் கபாருக் குடிமகன். உடன்படிக்கை அந்த வழக்கத்தை ஏற்றிருந்தது என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

அவித்த மீனை எலுமிச்சையும் மிளகாயும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"சட்டம் தெரிஞ்சவரு நீங்க. யோசிச்சுச் சாப்பிடுங்க."

"எத்தன நாளு இருக்கணும்?"

"ஒரு மாசம். கல்யாணத்தப் பாத்துட்டு, அவ மொகத்தக் கொஞ்சம் பாத்துட்டு வந்துருவேன்."

"நான் சாப்பிடலைன்னா?"

"அப்பவும் போவேன்" என்றாள். "நாடு போயிரும். எனக்கு வேற வழி தெரியல."

இன்னாசி தட்டைப் பார்த்தபடி இருந்தான். போன ஆண்டு வேறொரு தீவில் இதுபோல ஒரு நாட்டை அவன் கையாலேயே பட்டியலிலிருந்து அழித்திருந்தான். படகில் ஏறிய கிழவர், "இனிமே நான் எந்த ஊருக்காரன்?" என்று கேட்டார். அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு முறை அதைத் தாங்க முடியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது பாதி உண்மை. மீதி உண்மை, அவன் திரும்பிப் போகாவிட்டால் தேட உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது. அவன் இருக்கும் இடத்துக்கு ஒருத்தி திரும்பி வருவாள் என்ற நினைப்பே அவனுக்கு இனித்தது.

மீனைப் பிய்த்து வாயில் போட்டான். முள் எடுத்து, நிதானமாக, தலை வரைக்கும் தின்றான். தட்டு காலியாகும்வரை டொமிங்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு இடுப்புத் துணியின் ஓரத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இன்னாசி படகைத் தண்ணீருக்குள் தள்ளும்போது, உள்ளே உட்கார்ந்திருந்த டொமிங்கா மகளுக்காகத் தைத்த சட்டையை மடியில் விரித்துக் காட்டினாள். தோள் அகலம் சரியாக இருக்குமா என்று அவனிடமே கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க அவளக் கடைசியா எப்பப் பாத்திய?"

டொமிங்கா சட்டையை மடித்தாள்.

"எனக்கு முந்தி இங்கன எங்க அக்கா இருந்தா. ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன், ஒரு மாசம் வந்து இருன்னு கூப்பிட்டா. வந்தேன்."

"அப்ப மகளுக்கு என்ன வயசு?"

"பால்குடி மறக்கல."

இன்னாசி படகின் விளிம்பைப் பிடித்திருந்தான். விடவில்லை. அவள் குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.