தோட்டத்துச் சட்டை

ஏலத்தோட்ட ஜீப் அனுசுயாவைத் தெருமுனையில் இறக்கிவிட்டு உறுமிக்கொண்டு போனது. இன்றைக்கும் சீசரின் சத்தத்தைக் காணோம்.

போன வாரம் வரைக்கும் அந்த நாயின் ஊளையில் தெருவே ரெண்டுபட்டது. அவள் வீட்டைப் பூட்டிக் குமுளி மலைக்கு ஜீப் ஏறியதும் தொடங்கி, பொழுது சாய அவள் திரும்பும்வரை கதவைப் பிராண்டிக்கொண்டே ஊளையிடும். நாயை விரட்டு, இல்லாவிட்டால் காலி பண்ணு என்று வீட்டு ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கென்று இருந்த ஒரே உயிர் அது. எங்கே கொண்டுபோய் விடுவாள்?

கால்நடை டாக்டர் ஷெரின்தான் வழி சொன்னாள். "தனியா இருக்கப் பயம்மா அதுக்கு. அடிக்காதீங்க. நீங்க உடுத்தின துணி ஒண்ணைத் துவைக்காமப் பக்கத்துல போட்டுட்டுப் போங்க. உங்க வேர்வை வாசத்துக்கு அடங்கிக் கிடக்கும்."

சீசர் படுக்கிற சாக்கில் அனுசுயா போட்டது தோட்டத்துச் சட்டை. காய் பறிக்கும்போது சேலைக்கு மேலே மாட்டிக்கொள்கிற முழுக்கைச் சட்டை. அவள் வேர்வையும் ஏலக்காய் வாசமும்தான் அதில் ஊறிக் கிடந்தன. ஆனால் சட்டை செத்துப்போன புருஷன் விஜய்பாண்டியுடையது. மலைக்குப் போகிற எந்தப் பொம்பளை தனக்கென்று சட்டை தைத்தாள்? புருஷனின் பழசுதான் எல்லாருக்கும்.

அன்றைக்கே சீசர் கம்மென்று ஆகிவிட்டது. அனுசுயாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பக்கத்து வீட்டு மதீனா குழாயடியில் வாளியோடு நின்றாள். போன மாதம்தான் குடிவந்தவள்.

"யாருக்கா ஊர்லருந்து வந்திருக்காக?"

"யாரும் வரலையே. ஏன் கேக்குற?"

"அட, சும்மா சொல்லுக்கா. பகல் பூரா ஆம்பளை இருமுறது கேக்குது. நாய் லேசா முனகுனாப் போதும், ஒரு சொடக்குப் போடுறாக. அம்புட்டுத்தான், மூச்சுக் காட்ட மாட்டேங்குது."

அனுசுயா பூட்டிக் கிடந்த தன் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

விஜய்பாண்டி வாயைத் திறந்து கூப்பிடுகிற ஆள் இல்லை. சொடக்குத்தான். அது விழுந்தால் நாயும் தரையில் உட்கார வேண்டும், அவளும் உட்கார வேண்டும். இரண்டு பேரையும் பழக்கியது ஒரே பெல்ட். போன ஆடியில் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அவன் செத்த அன்று, ஊருக்காக அழுதாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

சட்டையை இப்போதே கொளுத்திவிட வேண்டும். நாய் ஊளையிட்டால் இடட்டும். ஓனர் விரட்டினால் விரட்டட்டும்.

பூட்டு காலையில் போட்டபடியே தொங்கியது. திறந்தாள். அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்கத்தோடு ஏலக்காய் வாசமும் நாயின் மூத்திர வாடையும் முகத்தில் அடித்தன. அதற்கும் அடியில், இந்த வீட்டில் ஒரு வருஷமாக யாருமே குடிக்காத பீடியின் வாடை.

"சீசர்... ஏலே, இங்கன வா."

வரவில்லை.

சாக்கு காலியாகக் கிடந்தது. சட்டை அதன்மேல் இல்லை.

சட்டை நாற்காலியில் இருந்தது. சாய்ந்து உட்கார்ந்த வாக்கில். கழுத்துவரை பித்தான் போட்டு.

நாற்காலிக்குப் பக்கத்தில் சீசர் குத்தவைத்திருந்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் நடுக்கம். இருந்த இடத்திலேயே மூத்திரம் போயிருந்தது. அதன் இரண்டு காதுக்கும் நடுவே மயிர் அமுங்கியது. நிமிர்ந்தது. மறுபடி அமுங்கியது.

அய்யோ ஆத்தா!

ஓடிவிடு. வாசல் பின்னால் திறந்துதான் கிடக்கிறது. மதீனாவின் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் கேட்கிறது. ஓடு.

சொடக்கு விழுந்தது.

அனுசுயா உட்கார்ந்தாள். தரையில். நாய்க்குப் பக்கத்தில்.

அவள் உச்சந்தலையில் மயிர் மெல்ல அமுங்கியது.