ஐந்து பேரின் சவுரி

பெட்டியிலிருந்து எடுத்தபோது சவுரி வெதுவெதுப்பாக இருந்தது. சில்லிட்ட சுவரோரம் நேற்றிலிருந்து கிடந்த இரும்புப் பெட்டி அது; ஆனாலும் இப்போதுதான் யாரோ பிடரியிலிருந்து கழற்றிக் கொடுத்தது போன்ற சூடு. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டாள். அந்த அறைக்குள் வெயில் வருவதில்லை.

அம்மாவுக்கு முன்னால் மூன்று பேர், அப்புறம் அம்மா, அப்புறம் அக்கா. ஒவ்வொருத்தியும் மாட்டுவதற்கு முன், சீப்பில் உதிர்ந்த தன் முடியை அதில் சேர்த்துப் பின்ன வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் வேறெதையும் இத்தனை ஒழுங்காகக் கைமாற்றியதில்லை. இவளிடம் சேர்க்க ஒன்றுமில்லை. சிகிச்சையில் புருவம்கூடப் போய்விட்டது.

“உன் மண்டையில என்னடி இருக்கு, சேக்குறதுக்கு?” என்று சவுரியைக் கொடுக்கும்போது அக்கா சிரித்திருந்தாள். “சும்மா மாட்டிக்க. வளந்ததும் பாத்துக்கலாம்.”

நாளை மறுபடி அலுவலக வரவேற்பு மேசையில் உட்கார வேண்டும். நேற்றே தலைத்துணியின் உள்பக்கம் தைத்து மாட்டிப் பார்த்தாயிற்று. ஏழு வயது மகள் கைதட்டினாள். இப்போது தையலைச் சரிபார்க்க ஜன்னலருகே கொண்டுபோனாள். பக்கத்து அறையில் மகள் வாய்ப்பாடு முணுமுணுக்கும் சத்தம், மின்விசிறியின் கிரீச், விரலில் ஒட்டும் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. அம்மாவின் சுருட்டை, அக்காவின் சாயம் போன செம்பட்டை என்று விரலாலேயே ஆட்களைப் பிரித்துக்கொண்டு வந்தவள், நுனிக்கு அருகில் நின்றாள். அங்கே மெல்லிய, பட்டுப்போன்ற ஒரு கற்றை. குழந்தை சோப்பின் மணம்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

“இதுல புதுசா ஒரு கத்த இருக்குக்கா.”

“உன்னோடதா?”

“என் தலையப் பாத்துட்டுமா கேக்குற?”

“மாட்டினியா? ஒண்ணும் சேக்காமயா?”

“நீதான சொன்ன!”

“வெளையாட்டுக்குச் சொன்னேன்டி. குட்டி எங்க?”

கற்றையை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள்.

“ஆ! அம்மா, யாரோ முடிய இழுக்குறாங்க!”

விட்டுவிட்டாள். சவுரி தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் அது தானாகவே பின்னிக்கொண்டிருந்தது. ஒரு பின்னல். இன்னொன்று. நிதானமாக, பழக்கப்பட்ட கை பின்னுவதுபோல.

வாய்ப்பாடு நின்றது. நாற்காலி சாய்ந்தது.

கத்தரிக்கோல். இழுப்பறையில். இல்லை. மேசைமேல். கிடைத்தது.

“அம்மா, விடச் சொல்லு. வலிக்குதும்மா.”

கற்றையின் குறுக்கே வைத்து அழுத்தினாள். வெட்டு விழவில்லை. மறுபடி. அலறல்தான் வந்தது, அந்த அறையிலிருந்து.

கதவு திறந்தது.

மகள் பின்பக்கமாக வந்தாள். தலை பின்னால் வளைந்து, முகம் கூரையைப் பார்த்து, குதிகால்கள் தரையில் தேய, வாயைத் திறந்தபடி. அவள் கூந்தல் முழுக்க நீண்டு, விறைத்து, காற்றில் ஒரே கோடாக நின்றது. அதன் மறுமுனை பின்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது.