வெற்றிலைக் கறை இல்லாத பல்

கிட்ட வாருங்கள், கண்மணிகளே, இன்னும் கிட்ட. வாய்க்குள் மிட்டாய் இருந்தால் மெதுவாக மெல்லுங்கள். நான் சொல்லப்போவது பல்லின் கதை.

திருகோணமலைத் துறைமுகத்தில் யப்பான் விமானங்கள் ஒருமுறை குண்டு போட்டுவிட்டுப் போன ஆண்டு அது. மறுபடியும் வருமாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் மஹ்ரூப் வீட்டாரும் பக்கத்து வளவுத் தங்கத்துரை வீட்டாரும் நடுவேலியைப் பிரித்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பதுங்குகுழி வெட்டினார்கள்.

மஹ்ரூபின் மகள் நஜ்முன் நிஸாவுக்குப் பத்து வயது. அன்று அவளுக்குப் பல்வலி. கடைவாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு குழியோரம் இருந்தாள். கராம்பின் காரத்தில் கண் சொக்கியது. துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் மேகத்தில் மிதப்பதுபோல் தெரிந்தன.

இடுப்பளவு ஆழத்தில் தங்கத்துரையின் மண்வெட்டி சட்டென்று நின்றது. மண்ணுக்குள் ஒரு மனிதத் தாடையெலும்பு. பல்லோடு!

"மஹ்ரூப், இது உங்கட ஆள். நாங்கள் எரிக்கிற ஆக்கள். புதைக்கிறது நீங்கள்தானே?"

"அதெப்பிடி அண்ணன்? எங்கட மையவாடி பள்ளிவாசலடியில கிடக்கு. வளவுக்குள்ள ஆரும் அடக்குவாங்களா? இது உங்கட ஆள்தான்."

"ஓமோம், என்ர பாட்டன்தான்! மூக்கைப் பார்த்தால் தெரியேல்லையோ?"

தாடைக்கு ஏது மூக்கு? ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. யாருடைய ஆள் என்று தெரியாமல் எந்த முறைப்படி அடக்குவது? இருவரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். வேறு இடத்தில் வெட்டவும் ஏலாது. மற்ற நிலமெல்லாம் பாறை.

நிஸாவின் உம்மா கைக்குழந்தையை அணைத்தபடி வானத்தைப் பார்த்தார். "பிளேன் வந்தா இவனை நான் எங்க கொண்டு ஒளிக்கிற?"

நிஸா மெல்லக் குழிக்குள் இறங்கினாள். அந்தப் பற்கள் அம்மிபோலத் தட்டையாகத் தேய்ந்திருந்தன. கடைவாய்ப் பல் ஒன்றில் கறுத்த ஓட்டை.

"ஐயோ, உங்களுக்கும் சூத்தையா?" என்று காதோடு கேட்பதுபோல் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள். "மாமா, வாயைத் திறங்க. வாப்பா, நீங்களும்."

இரண்டு வாயும் செங்கல் நிறத்தில் இருந்தன.

"இந்தப் பல்லு இவ்வளவு தேஞ்சிருக்கு, வயசான ஆள். ஆனா வெத்திலைக் கறை ஒரு பொட்டும் இல்ல. நம்மட ஊரில வெத்திலை போடாத கிழடு ஆர்?"

இருவரும் யோசித்தார்கள். கோயிலடியிலும் ஒருவர் இல்லை, பள்ளியடியிலும் ஒருவர் இல்லை.

"அப்ப வெத்திலை பழகாத காலத்து ஆளோ?" என்றார் தங்கத்துரை. "பல்லு ஏன் இப்பிடித் தேஞ்சுது?"

"அரிசி இல்லையெண்டு நான் குரக்கன் திரிக்கிறேனே," என்றார் உம்மா, "திரிகைக் கல்லுப்பொடி எப்பிடி நறநறெண்டு கடிபடுது!"

நிஸா கையால் மண்ணைத் துழாவினாள். நடுவில் குழிந்த ஒரு கல் வந்தது. மாவரைத்த கல்!

வேட்டையாடித் தின்றவர்களைவிட, விதைத்து அறுத்து மாவரைத்துத் தின்னத் தொடங்கியவர்களுக்குத்தான் சூத்தை கூடுதலாக வந்ததாம். மாவு பல்லில் ஒட்டுமல்லவா? பிற்காலத்தில் படித்தவர்கள் சொன்னார்கள். நிஸா அதைப் படிக்கவில்லை. கண்ணை மூடினாள், அவ்வளவுதான். கப்பல் ஒன்றும் இல்லாத நீலக் கடல். கரையில் ஒருத்தி தானியம் அரைக்கிறாள். நடுவில் நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.

"வாப்பா, இவ கோயிலுக்கும் பள்ளிக்கும் முந்தின ஆள். ரெண்டு வீட்டுக்கும் மூத்தவ. ரெண்டு வீடும் சேர்ந்தே அடக்குவம்."

தங்கத்துரை வெள்ளைத் துணி கொண்டுவந்தார். மஹ்ரூப் குழியின் பக்கச் சுவரில் சிறு மாடம் வெட்டினார். கல்லையும் உள்ளே வைத்தார்கள். மூடுமுன் நிஸா தாவணி முடிச்சை அவிழ்த்து, ஒரு கராம்பை எடுத்துத் துணிக்குள் செருகினாள்.

"பல்வலிக்கு," என்றாள்.

அந்த மாடத்தைத் தொடாமல் பதுங்குகுழி ஒருபக்கம் வளைந்து போனது. பிறகொரு பகல் அபாயச் சங்கு ஊதியபோது, இரண்டு வீட்டாரும் அந்த வளைவில்தான் நெருங்கி இருந்தார்கள். கைக்குழந்தை நல்ல தூக்கம். மண்ணில் இலேசாகக் கராம்பு வாசம் வந்தது என்று நிஸா சொன்னாள்.

உங்கள் வீட்டுத் திரிகையும் ஓயாமல் சுழலட்டும், கண்மணிகளே. உங்கள் சோற்றில் கல் கடிபடாதிருக்கட்டும்.