நீலக்கதவுக் கடை நகர்ந்துபோன வாரம்

அந்தச் சிவப்புக் கார் இப்போது எங்கே இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ! ஆனால் அதன் பின்சீட்டில் நான்கு பேர் நசுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலைகளை நினைத்தால், கடுகுக்கு இன்றைக்கும் முழங்கை இடிக்கிற மாதிரியே இருக்கும்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. ஆள் பொடி, வாய் காரம். அதனால்தான் கடுகு. தெருவிலுள்ள மூன்று பிள்ளைகளையும் கடுகையும் தினமும் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அம்மாவின் வேலை. ஏழு வருடத்தில் காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் காரில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும்போது அம்மா மீட்டரில் ஒரு பொத்தானை அழுத்துவாள். தூரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். சரியாக இரண்டு கிலோமீட்டர் காட்டும்போது, நீலக்கதவு போட்ட ரொட்டிக்கடை வரும். உடனே எல்லாரும் "ரெண்டேய்!" என்று கத்த வேண்டும். முதலில் கத்துகிறவருக்கு மாலையில் ஜன்னலோரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு பெரிய டயர்கள், பளபளவென்ற வீல்களோடு வந்து இறங்கினார்.

"அக்கா, உன் வண்டிக்குன்னே பாத்துப் பாத்து எடுத்தேன்!"

மத்தியானத்துக்குள் மாட்டியும் விட்டார். கார் எக்கி நின்றது.

"எலி மாதிரி இருந்த வண்டி இப்ப சிங்கம் மாதிரி இருக்கா இல்லையா?"

"சிங்கமோ எலியோ, ஏறுறதுக்கு ஏணி வேணும்டா" என்றாள் அம்மா. ஆனாலும் முகமெல்லாம் பூரிப்பு. தம்பி தன் கையால் தந்த முதல் பரிசு அல்லவா?

திங்கட்கிழமை நீலக்கதவு வந்தது. எல்லாரும் வாயைத் திறந்தார்கள். மீட்டரில் ஒன்று புள்ளி எட்டுதான்! தபால்பெட்டியையும் தாண்டிய பிறகுதான் இரண்டு வந்தது.

"கடை பின்னாடி நகந்துபோச்சு!" என்றான் எல்லாரையும்விடச் சின்னவனான பொடியன். கார் முழுக்கச் சிரிப்பு.

பள்ளிச் சந்தில் சிரிப்பு நின்றது. அங்கே வேகத்தைக் காட்டும் மின்பலகை ஒன்று இருந்தது. நாற்பதுக்குள் வந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. அம்மாவுக்கு எப்போதும் பச்சைதான். அன்று, சிவப்பில் நாற்பத்து நான்கு! மீட்டரின் முள்ளோ நாற்பதைத் தாண்டவில்லை.

செவ்வாயும் சிவப்பு. புதனும் சிவப்பு. புதன்கிழமை தலைமையாசிரியை வாசலிலேயே நின்றார்.

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். ஆனா பெத்தவங்க கேக்குறாங்க. இப்படியே போனா, திங்கட்கிழமையிலேருந்து பிள்ளைங்கள வேற வண்டிக்கு மாத்த வேண்டியதுதான்."

"சத்தியமா நாப்பதத் தாண்டல, மேடம்." அம்மா மீட்டரைக் கைகாட்டினாள்.

அன்று மாலை வீட்டு வாசலில் நின்ற காருக்குள் அம்மா உட்கார்ந்தபடியே இருந்தாள், மீட்டரை வெறித்துக்கொண்டு. மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தப் பலகைதான்க்கா பொய் சொல்லுது! நான் போய் ரெண்டு தட்டு தட்டிட்டு வரேன்."

கடுகு யோசித்தாள். மீட்டர் காட்டுவதைவிட வேகமாக வந்தோம் என்கிறது பலகை. தூரமாக வந்தோம் என்கிறது கடை. இரண்டும் கூடிப் பேசிக்கொண்டா பொய் சொல்லும்? போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்.

சொல்ல வாயெடுத்தாள். அப்போது மாமா குனிந்து, புது வீலில் ஒட்டிய சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கடுகின் வாய் தானாக மூடிக்கொண்டது. அது எப்போதாவதுதான் நடக்கும்.

சற்று நேரம் கழித்துக் கேட்டாள்: "மாமா, ஒரு பந்தயம். பழைய டயரும் புது டயரும் ஒரே ஒரு சுத்து உருண்டா, எது தூரமாப் போகும்?"

"இதெல்லாம் ஒரு பந்தயமா?"

"பயமா இருந்தா வேணாம்."

"யாருக்குப் பயம்? எடு சாக்பீஸ!"

காரின் டயர் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டார்கள். தரையிலும் ஒரு கோடு. டயரில் போட்ட கோடு ஒரு சுற்று சுற்றி மறுபடி கீழே வரும்வரை அம்மா காரை மெல்ல நகர்த்தினாள். மாமா கொட்டகையிலிருந்து பழைய டயரை எடுத்துவந்து, பக்கத்திலேயே ஒரு சுற்று உருட்டினார்.

"நீங்களே அளங்க மாமா. என் சாண் ரொம்பக் குட்டி."

மாமா சாணால் அளந்தார். பழையது பத்து சாண். புதியது பதினொன்று. மறுபடி அளந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா... வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் ரோட்டப் பாக்காது. சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணும், அவ்வளவுதான். அதுக்குத் தெரிஞ்சது பழைய டயர். சுத்துக்குப் பத்து சாண்னு கணக்குப் போடுது. நாம போறது பதினொண்ணு!"

"அப்ப மீட்டர் நாப்பதுன்னு காட்டும்போது?"

"நாப்பத்தி நாலுல போறோம். பிரேக்கக் கவனிக்கிற கம்ப்யூட்டரும் இந்தச் சுத்துக் கணக்கத்தான் நம்பும், அதுவும் ஏமாந்துபோகும். அளவு மாறக் கூடாதுன்னு கடையில மொத நாளே சொன்னாங்க. பளபளப்பப் பாத்ததும் மறந்துட்டேனே!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உன் பேரயே கெடுத்துட்டேன்க்கா."

"நீங்கதானே மாமா கண்டுபிடிச்சீங்க" என்றாள் கடுகு.

அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். "எழுந்திருடா சிங்கம். ஜாக்கி எங்க?"

இருட்டுவதற்குள் பழைய டயர்கள் ஏறிவிட்டன.

மறுநாள் விடிந்ததும் மாமா பள்ளிக்கூடத்துக்கே போனார். "தப்பு என்னுது மேடம். அக்கா மேல ஒரு குத்தமும் இல்ல. நீங்களே ஒரு தடவ வண்டியில ஏறிப் பாருங்க" என்று தலைமையாசிரியையைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தார். தலைமையாசிரியை முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் மூச்சுவிடக்கூட யாருக்கும் பயம். பள்ளிச் சந்து வந்தது. மீட்டரில் முப்பத்தெட்டு. பலகையிலும் முப்பத்தெட்டு, பச்சையில்!

"வேற வண்டி வேணாம்" என்றார் தலைமையாசிரியை. "திங்கட்கிழமையும் நீங்களே கூட்டிட்டு வாங்க."

அம்மா தலையாட்டினாள்.

மணி அடித்தது. வகுப்புக்குள் போய் உட்கார்ந்த கடுகு, தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தாள். சிவப்புக் கார் சந்தில் வந்தது. பச்சை. சந்து முனைவரை போய்த் திரும்பி மறுபடியும் வந்தது. பச்சை. மூன்றாவது தடவையும் வந்தது. உள்ளே அம்மா தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் பீரியடில் என்ன பாடம் நடந்தது என்று கேட்டால், கடுகுக்கு இன்றுவரை தெரியாது.