மரத்தூளில் ஒரு குழி

ஒரு கால் லாரியின் மட்கார்டில், மறு கால் கேட்டின் இரும்புக் கம்பியில். கையில் ஐஸ் கட்டியைக் கவ்வித் தூக்கும் இரும்புக் குறடு. இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"அம்மா! உள்ளே யாராச்சும் இருக்கீங்களா? நாயைப் புடிச்சுக் கட்டுங்க லா!"

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, பாதையின் நட்டநடுவில், அந்தச் செவலை நாய் நின்றுகொண்டிருந்தது. குரைக்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பின்னால் லாரியின் பலகை இடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணி. பினாங்கு வெயில் ஐஸுக்கு இரக்கம் காட்டாது.

மூன்றாவது நாள் இது!

அந்த வீட்டில் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு விஷக் காய்ச்சல். தலையில் விடாமல் ஐஸ் வைத்தால்தான் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ராமதாஸ் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். எங்கள் கம்பெனிக்கு நேரில் வந்து, கைகூப்பி, தினம் ஒரு முழுக் கட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் நாயைத் தாண்ட முடியாமல் கட்டியை கேட்டின் வெளியே இறக்கிவைத்துவிட்டு வந்தேன். பொழுது சாய்ந்து அவர் வந்து பார்த்தபோது வெறும் ஈரச் சாக்குதான் கிடந்ததாம். இரண்டாம் நாள் பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். எனக்கு முன்னால் அங்கேயும் போய் நின்றது அது. திரும்பி வந்தவனைப் பார்த்து, கம்பெனி மேஸ்திரி தங்கராஜு எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஒத்த நாய்க்குப் பயந்துக்கிட்டு ஐஸைத் திருப்பிக் கொண்டாந்தியா? நாளைக்கு ஒரு முட்டி எலும்பு தாறேன், கொண்டு போ."

பயம் மட்டும் இல்லை. முஸ்லிம்களான எங்களுக்கு நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணைக் கரைத்து. ஐஸ்காரன் உடம்போ காலையிலிருந்து ராத்திரி வரை ஈரம். நாய் உரசினாலே போதும். வீடு வீடாக ஐஸ் போடும் சுற்றுக்கு நடுவில் மண்ணையும் தண்ணீரையும் தேடி எங்கே போவது? தெருவில் நாயைக் கண்டால் பத்தடி விலகியே நடப்பேன்.

அதிலும் அந்தத் தண்ணீர்மலை ரோட்டு வளைவு எனக்கு ஆகாது. வேறு சுற்று கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்று வாரம் அந்தப் பக்கமே வராமல் சமாளித்திருந்தேன். காய்ச்சல்கார வீடு என்று சொல்லி மறுபடியும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மலைப் பக்கம் வானம் கறுத்தது. காற்று நின்றுபோனது. பாதையின் இருபுறமும் நின்ற ஜாதிக்காய் மரங்களின் கீழே பழங்கள் விழுந்து அழுகி, இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை. ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த துரை பங்களா அது. வாடகை மலிவு என்று பத்து நாளைக்கு முன்னால்தான் ராமதாஸ் குடும்பம் குடிவந்திருந்தது.

ஹாரனை அமுக்கினேன். மறுபடியும் அமுக்கினேன்.

வராந்தாவில் ஒரு பெண் ஓடிவந்து நின்றாள். ராமதாஸின் மனைவி வடிவம்மாள். தலை கலைந்து, கண் சிவந்து, கையில் ஈரத் துணி.

"அண்ணே! ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். அந்த நாயைக் கட்டுங்கண்ணே!"

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"என்னையா கட்டச் சொல்றீங்க? ஒங்க வீட்டு நாயை நீங்கதானக்கா கட்டணும்! மூணு நாளா நாயை அவுத்து விட்டுட்டு ஐஸ் வரல ஐஸ் வரலன்னா நான் என்னா செய்ய?"

"எங்க வீட்டுல ஏதுண்ணே நாய்?"

"அப்ப இது யாரோடது?"

"ஒங்களோடதுதான்! தெனமும் ஒங்க லாரியிலதானே வருது? நான் சன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். லாரி நின்னதும் பின்பலகையிலேர்ந்து குதிக்குது. கேட்டுக்கு அடியில பூந்து உள்ளே வந்து நிக்குது. நீங்க போனா கூடவே போயிருது."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

மட்கார்டிலிருந்து இறங்கி லாரியின் பின்னால் போனேன். சாக்கை விலக்கினேன். காலையில் நானே பரப்பிய மரத்தூள். உருகிய தண்ணீரில் எல்லாம் நனைந்து களியாகிக் கிடந்தது. கடைசியாக மிச்சமிருந்த ஒரே ஒரு கட்டியின் ஓரமாக, ஒரு குழி.

சுருண்டு படுத்த அளவுக்கு ஒரு குழி.

அதற்குள் இருந்த தூள் மட்டும் காய்ந்திருந்தது.

கையை வைத்தேன். ஐஸை விடக் குளிர்ந்திருந்தது அந்த இடம்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து இறங்கும் மழை தூறிப் பழக்கமில்லாதது. ஒரே அடியாகக் கொட்டியது.

"அண்ணே!" வடிவம்மாளின் குரல் மழைக்குள் உடைந்தது. "புள்ளைக்குக் கண்ணு சொருகுதுண்ணே! என்னமோ பேத்துது! வாங்கண்ணே!"

வருவது வரட்டும் என்று கட்டியில் குறடை மாட்டி இழுத்தேன். கேட்டைக் காலால் தள்ளித் திறந்தேன். நாய் பல்லைக் காட்டியது. ஓரடி வைத்தேன். அது ஓரடி முன்னால் வந்தது. இடது பக்கம் விலகினேன். அதுவும் விலகியது. கட்டி குறடில் தொங்கிக் கரைந்துகொண்டிருந்தது. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போ! போய்த் தொலை! ஒனக்கு என்னதான் வேணும்?"

நாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் கண் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் நின்றவளுக்கு அது என்னவென்று எனக்கு முன்னால் புரிந்துவிட்டது.

"அண்ணே! கையில வெச்சிருக்கீங்களே அந்த இரும்பு... அதைக் கண்டுதான் உறுமுது. அதைக் கீழ போடுங்க!"

கட்டியைத் தரையில் இறக்கி, குறடைக் கழற்றிக் கீழே போட்டேன். கல்லில் விழுந்து அது கணீரென்றது.

உறுமல் நின்றது.

கட்டியை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். குளிர் எலும்பில் இறங்கியது. நடந்தேன். நாய் வழிவிட்டது.

பிறகு கூடவே வந்தது.

என் வலது காலை ஒட்டி, உரசிக்கொண்டு, பின்னங்கால்களை இழுத்து இழுத்து. பாதை முழுவதும் அந்தச் சரசரப்பு. ஜாதிக்காய் வாடை போய், நனைந்த சாக்கின் வாடை மூக்கில் ஏறியது. நான் குனிந்து பார்க்கவே இல்லை. படியேறி ஐஸை வடிவம்மாள் வைத்திருந்த தொட்டியில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.

பாதையில் மழை மட்டும்தான் இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கெல்லாம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியதாகவும், பிள்ளை கண் விழித்துக் கஞ்சி கேட்டதாகவும் பின்னால் ராமதாஸ் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நேரே கிணற்றடிக்குப் போனேன். மண்ணை அள்ளி வாளியில் கரைத்தேன். என் மனைவி சித்தி ஹாஜரா விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னா மச்சான், மண்ணைக் கரைக்கிறீங்க?"

"நாய் ஒரசிருச்சு."

"ஈரமாவா?"

"கொட்டுற மழையில. என் மேலெல்லாம் ஈரம்."

அவள் குனிந்து விளக்கை என் காலருகே பிடித்தாள். நெடுநேரம் பிடித்திருந்தாள்.

"இங்க பாருங்க."

கால்சட்டை முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது, வலது கால் தவிர. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, அது உரசிய இடம் மட்டும் பொட்டு ஈரம் இல்லை. துணியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. காய்ந்த தூள்.

"மழையில நின்ன நாய் எப்புடி மச்சான் காஞ்சிருக்கும்?"

கழுவத் தொடங்கினேன். அவசரத்தில் கை இடித்து வாளி சாய்ந்தது. அவள் என் தோளைத் தொட்டாள்.

"எதுக்கு இப்புடிப் பதறுறீங்க? நாயைத் தொட்டா கழுவிட்டாப் போச்சு. ஏழு தடவைதானே? தாகத்துல தவிக்கிற நாய்க்குத் தண்ணி குடுத்தாக்கூட நன்மைன்னுதானே ஒங்க வாப்பா சொல்லுவாங்க?"

ஏழு தடவைதான். எண்ணிப் பார்த்தால் ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகாது.

அதற்குப் பிறகு நான் குறடைத் தொடவில்லை. எல்லா வீட்டுக்கும் கட்டியை நெஞ்சில் அணைத்தே தூக்கிக்கொண்டு போகிறேன். தங்கராஜு பைத்தியம் என்கிறார். தினமும் விடியற்காலை புது மரத்தூளை நானே கொட்டி, நானே பலகையால் மட்டம் செய்து, சாக்கைப் போட்டு மூடுகிறேன். முதல் வீட்டில் சாக்கை விலக்கும்போது குழி விழுந்திருக்கிறது. இன்று காலையிலும் விழுந்திருந்தது.

அந்த நாய்க்குக் குறடைக் கண்டால் ஏன் ஆகவில்லை என்று வடிவம்மாள் கேட்டாள். ஹாஜராவும் கேட்டாள். தெரியாது என்று இருவரிடமும் சொன்னேன்.

தெரியும்.

இடது காதில் நுனி இல்லாத அந்தச் செவலையை முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிந்தது. வேறு நாயாக இருக்கும் என்று மூன்று நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மூன்று வாரத்துக்கு முன், இதே மாதிரி ஒரு மழையில், அந்தப் பூட்டிய பங்களாவின் கேட்டருகே லாரியைப் பின்னால் எடுத்தேன். சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. இறங்கிப் பார்த்தேன். பின்னங்கால்கள் நசுங்கி அந்த நாய் கிடந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

ரோட்டில் விட்டுப்போக மனம் வரவில்லை. டவுனில் மாட்டு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அது நனைந்திருந்தது. நானும் நனைந்திருந்தேன். கையால் தொட்டால் கழுவ வேண்டும், கழுவி முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிடும்.

குறடை எடுத்து அதன் விலாவில் மாட்டித் தூக்கினேன்.

மரத்தூளில் போட்டு, சாக்கால் மூடி, முதலில் ஐஸை இறக்கிவிடலாம் என்று கிளம்பினேன். அன்றைய சுற்றில் மொத்தம் பதினோரு வீடுகள்.

எட்டாவது வீடு வரைக்கும் முனகல் கேட்டது.