உரிமையாளரிடமிருந்து பதில் இல்லை

“எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா என் டப்பாவையெல்லாம் என்ன பண்ணுவே?”

“முதல்ல நோட்டீஸ் அனுப்புவேன். ஒரு மாசம் பார்ப்பேன். பதில் வரலைன்னா பக்கத்தை மூடிடுவேன்.”

“கட்டின புருஷன்னு ஒரு சலுகை கூடவா கிடையாது?”

“ஆந்தைக்குன்னு தனிச் சட்டமா போட முடியும்? போங்க, பஸ் வந்துடும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தபடி தோள்பையை மாட்டிக்கொண்டு போனார். ஆந்தை என்பது விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர்.

ஜியோகேஷிங் என்பார்கள் அந்த விளையாட்டை. ஒருவர் பொது இடத்தில் சின்ன டப்பாவை ஒளித்துவைத்து, இணையத்தில் அதற்கென ஒரு பக்கம் திறந்து இடத்தைக் குறித்துவிடுவார். மற்றவர்கள் கைபேசியில் வழி பார்த்துத் தேடி வருவார்கள். உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கணவர் ஒளிப்பவர். மனைவி, வீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து, எந்த டப்பா இருக்கலாம், எதை நீக்கலாம் என்று முடிவு சொல்லும் பரிசோதகர். சம்பளமில்லாத வேலை, ஆசைக்குச் செய்வது.

அவர்களைச் சேர்த்துவைத்ததே அந்த விளையாட்டுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகத்தான் போவார். கூப்பிட்டால் போகலாம் என்று அவள் இருந்தாள். கேட்டால் கூட்டிப் போகலாம் என்று அவர் இருந்தாரோ என்னவோ. ஒவ்வொரு வாரமும் அவளுக்கு நாக்கு நுனிவரை வரும். “பத்திரமா போயிட்டு வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு, பேருந்தின் ஜன்னலோரத்தில் தூங்குவதுபோலச் சாய்ந்திருந்தவரைக் கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் தட்டி எழுப்பினார். அவர் எழுந்திருக்கவில்லை.

ஆந்தையின் டப்பாக்கள் மழையிலும் துப்புரவிலும் ஒவ்வொன்றாகத் தொலைந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது. பெரிய சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில், கைப்பிடிக் கம்பியின் அடியில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்த தகர டப்பா. யாராவது அதைக் கண்டுபிடித்து, ‘கிடைத்தது, நன்றி ஆந்தை!’ என்று எழுதினால், அன்று ஒருநாள் அவர் வெளியூர் போயிருப்பதாக அவளால் நினைத்துக்கொள்ள முடிந்தது. இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு, ஆறியதைக் கொட்டுவாள்.

பிறகு அங்கே மேம்பால வேலை தொடங்கியது. தகரத் தடுப்பு எழுந்தது. சுரங்கப்பாதையின் வாயைச் சுவர் வைத்து அடைத்தார்கள். ‘போகவே வழியில்லை’ என்று விளையாடுபவர்கள் வரிசையாகப் புகார் எழுதினார்கள். அவளைப்போலவே பரிசோதகராக இருக்கும் மூத்த பெண்மணி ஒருவர் அவளுக்குப் போன் செய்தார்.

“கட்டட வேலைன்னா பரவாயில்லம்மா, முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். ஆனா கேட்டா பதில் சொல்ல ஓனர் வேணுமே.”

“கொஞ்ச நாள் பார்ப்போம்க்கா.”

“இதையேதானே போன தடவையும் சொன்னே? நோட்டீஸை நீயே அனுப்பிடு. நான் அனுப்பினா நல்லா இருக்காது.”

அனுப்பினாள். ‘அன்புள்ள ஆந்தை, உங்கள் டப்பாவை யாரும் அணுக முடியவில்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் பக்கம் நிரந்தரமாக மூடப்படும்.’ எத்தனையோ பேருக்கு அனுப்பிய அதே வாசகம்தான்.

மறுநாள், வாழ்நாளில் செய்யமாட்டேன் என்றிருந்த ஒன்றைச் செய்தாள். புதிதாக ஒரு டப்பா வாங்கி, தடுப்புக்கு வெளியே பேருந்து நிறுத்த இருக்கையின் அடியில் ஒட்டிவிட்டு, அதுதான் ஆந்தையின் டப்பா என்பதுபோல, பரிசோதகருக்கு உள்ள உரிமையில் இடத்தை மாற்றிக் குறித்தாள். உரியவரைக் கேட்காமல் இப்படி மாற்று டப்பா போடுவது அந்த விளையாட்டில் பெரிய குற்றம். செய்த எத்தனை பேரை அவளே கண்டித்து எழுதியிருக்கிறாள்!

ஆனால் பக்கம் பிழைத்தது. இரண்டு நாளில் ஒருவர் எழுதினார்: ‘கிடைத்தது! சீட்டு மட்டும் ஈரம்.’

அடுத்தவர்: ‘உள்ளே எல்லாம் சிமெண்டுத் தூள். யார் வேலை இது?’

அதற்கடுத்தவர்: ‘திறக்கவே வரவில்லை.’

அவள் போய் எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா, செங்கல்போலக் கனத்தது. மூடியைச் சுற்றிக் கான்கிரீட் பிதுங்கி இறுகியிருந்தது.

வீடு திரும்பிக் கணினியைத் திறந்தபோது, அவளுடைய நோட்டீஸுக்குக் கீழே ஒரு பதில் காத்திருந்தது.

ஆந்தை: ‘இது என்னுடையது இல்லை.’

அவருடைய கைபேசி அலமாரியில் செத்துக் கிடந்தது. கடவுச்சொல் அவளுக்கே தெரியாது. யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி முளைத்தது.

‘என்னுடையது உள்ளே இருக்கிறது.’

மறுநாள் வேலையாட்கள் கலைகிற மாலை நேரத்தில் போனாள். காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“டப்பாவா? டப்பா வாங்க ஊர்ல கடையே இல்லையாம்மா?”

“என் வீட்டுக்காரர் வச்சதுங்க. பார்த்துட்டு உடனே வந்துடறேன்.”

அவள் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “படி மட்டும்தான் மிச்சம். கீழே சுவர். பார்த்து இறங்குங்க, வழுக்கும்.”

படிகளில் வெளிச்சம் பாதிவரைதான் துணைக்கு வந்தது. ஈரச் சிமெண்டின் வாசனை. எங்கோ சொட்டும் தண்ணீர். மேலே ஓடும் வண்டிகளின் இரைச்சல், போர்வைக்கு வெளியே பேசுகிறவர்களின் குரல்போல மங்கிக்கொண்டே வந்தது. பழைய கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் சுவர் நின்றது. கம்பியை வெட்டாமல் அப்படியே வைத்துக் கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். கம்பி சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனது.

கைபேசியில் டப்பாவின் பழைய இடத்தைத் தேடினாள். இருபது மீட்டர் என்று காட்டியது. சுவருக்கு அப்பால், இருட்டில்.

“இவ்வளவுதான் வர முடிஞ்சுது” என்று முணுமுணுத்தாள். பக்கத்தை மூடிவிடலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது. பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.

பதினெட்டு மீட்டர்.

அவள் அசையவில்லை.

பதினைந்து.

சுவருக்கு அப்பால் ஏதோ உரசியது. தகரம் இரும்பின் மேல் இழுபடும் ஓசை. கர்ர்ர் என்று கொஞ்ச தூரம். பிறகு ஓய்வு. மறுபடி கர்ர்ர். கம்பியில் ஒட்டிய டப்பாவை யாரோ அவசரமில்லாமல் தள்ளிக்கொண்டு நடந்து வருகிறார்கள்.

ஒன்பது.

கம்பியின் அதிர்வு அவள் உள்ளங்கையில் ஊர்ந்தது. ஓடிவிடு என்றது உடம்பு. அவள் கம்பியை விடவில்லை.

நான்கு.

ஒன்று.

சுவரின் அந்தப் பக்கம், அவள் மார்பு உயரத்தில், டிக் என்று தகரம் மோதி நின்றது.

கைபேசியின் திரை அணைந்தது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றதுபோலிருந்தது. குளிர்ந்திருந்த கம்பி, அவள் பிடித்திருந்த இடத்தில் மட்டும் மெல்ல வெதுவெதுப்பானது. மறுமுனையை ஒரு கை பிடித்திருக்கிறது.

“என்னங்க?”

எதிரே, அவ்வளவு கனமான கான்கிரீட்டுக்குள், யாரோ மூச்சை அடக்கிக் காதுகொடுப்பது மட்டும் தெரிந்தது. கேட்டால்தான் நகர்வேன் என்பதுபோன்ற அந்தப் பிடிவாதம் அவளுக்குத் தெரிந்த பிடிவாதம்.

மேலே காவலாளி கூப்பிட்டார். “அம்மா! கிடைச்சுதா? மேல வாங்க, பூட்டணும்!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெற்றியை ஈரச் சுவரில் வைத்தாள். இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து கம்பி ஒருமுறை, மென்மையாக, இழுபட்டது.

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் தொண்டையில் நின்றதை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

“என்னையும் கூட்டிட்டுப் போங்க.”