மூன்றாவது பிரௌசரில் தெரிந்த கை

மூன்றாவது பிரௌசரில் மட்டும் அந்தக் கை செத்த கையாகத் தெரிந்தது. மற்ற இரண்டிலும் மாநிறமாக, நகத்தடியில் இளஞ்சிவப்போடு, டைலின் ஓரத்தைப் பிடித்திருந்தது. மூன்றாவதில் சாம்பல். நர்மதா திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அது அவள் செய்த வேலை. ஆனால் நகங்கள் நீலம் பாரித்திருந்தனவே, அதை அவள் செய்யவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த டைல்ஸ் கம்பெனியின் இணையதளத்துக்குப் பல வருஷமாக அவள்தான் படம் எடுத்தாள். ஒரே டைல் போனில் சந்தனமாகவும் டீலர் கடைக் கம்ப்யூட்டரில் சாணியாகவும் தெரிய, சரக்கு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. "நம்ம டைல் இன்னா பச்சோந்தியாம்மா?" என்று மேனேஜர் குப்புராஜ் எல்லார் எதிரிலும் கேட்டார்.

அப்புறம் வந்தவள் ஏஞ்சல். சூளையில் வேலை செய்யும் லோகுவின் தங்கை. எந்த பிரௌசரும் ஒரே மாதிரி காட்டக்கூடிய எளிய நிற அளவுக்குப் படத்தை மாற்றிய பிறகே ஏற்றுவாள். ஒவ்வொரு படத்திலும் டைலின் ஓரத்தைத் தன் கையால் பிடித்திருப்பாள். டைலின் நிறம் பிசகினால் யாருக்கும் தெரியாது, மனுஷக் கை பிசகினால் குழந்தைக்கும் தெரியும் என்பது அவள் கணக்கு. கை சரியாக இருந்தால் டைலும் சரி. சரக்கு திரும்புவது நின்றது. இணையதளப் படப் பிரிவுக்குத் தலைமை யார் என்று இன்று சாயங்காலம் முடிவாக இருந்தது. அதற்குள்ளாகவே குப்புராஜ் நர்மதாவைக் கேட்கவேண்டியதையும் ஏஞ்சலிடம் கேட்கப் பழகியிருந்தார்.

வீட்டுக்குப் போகும் ஆரணி பஸ்ஸில் போனைத் திறந்தாலும் அந்தக் கைதான். பக்கத்துக்குப் பக்கம். தான் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருப்பதாக நர்மதாவுக்குத் தோன்றும்.

அதனால்தான் சாப்பாட்டு வேளையில் ஒரே ஒரு படத்தை மட்டும் அகலமான நிற அளவுக்கு மாற்றி வைத்தாள். புதிய பிரௌசர்கள் அதைப் புரிந்துகொள்ளும். டீலர் கடைகளில் ஓடும் அந்தப் பழைய பிரௌசர் புரியாமல் வெளிறக் காட்டும்.

இப்போது அடுத்த படத்தைத் திறந்தாள். சாம்பல். அதற்கடுத்தது. சாம்பல். அவள் தொடாத படங்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது. சுவருக்கு அப்பால் சூளையின் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறியது. ஈரமண் வாசனைக்கு நடுவே பூ அழுகுவது போல ஒரு வாடை வந்து நின்றது.

ஏஞ்சல் வலது கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கை மரத்துப் போச்சுக்கா. சோறு பிசைய வரல. லோகு ஊட்டி உட்டான், கிண்டல் பண்ணிக்கினே."

சிரித்துக்கொண்டே துணியை விலக்கினாள். நகங்கள் நீலமாக இருந்தன.

பழைய படம் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் பத்திரமாக இருந்தது. எடுத்துத் திரும்ப வைத்தால் போதும். நர்மதாவின் விரல் மவுஸ் மேல் போனது. குப்புராஜின் குரல் வராந்தாவில் கேட்டது. அவர் பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அவர் பார்த்தார். ஏஞ்சலை நிற்கவைத்துத் திட்டினார். இனிமேல் நர்மதாவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். லோகு கூட்டிப்போக வந்து நின்றபோது ஏஞ்சல் நர்மதாவிடம் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"நீதானேக்கா மாத்துன?"

அவர்கள் போனதும் நர்மதா குப்பைத் தொட்டியைக் காலி செய்தாள். யாராவது தோண்டிப் பார்த்தால் பதவி போய்விடும்.

மறுநாள் மதியம், மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, கறுப்புத் துணி மறைத்த படப்பிடிப்பு அறையில் எல்லா டைல்களையும் அவள் புதிதாக எடுக்க ஆரம்பித்தபோது லோகு போன் செய்தான். முழங்கை வரைக்கும் உயிரே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம்.

"கைய எடுக்கப் போறாங்கக்கா. வெளியே ஒக்காந்துகினு கீறேன். அவ உன் பேரையே சொல்லிக்கினு இருந்தா."

நர்மதா போனை அணைத்தாள். டைலை மேஜைமேல் நிமிர்த்தி, இடது ஓரத்தைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். மறு கையில், ஸ்டாண்டில் நின்ற கேமராவிலிருந்து நீண்ட கம்பியின் பொத்தான். எடுத்த படம் கேபிள் வழியாக எதிரே இருந்த திரைக்குப் போய், மூன்று பிரௌசரிலும் தானாகத் திறக்கும். அதுவும் ஏஞ்சல் செய்துவைத்த ஏற்பாடுதான். தன் கை எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

பொத்தானை அழுத்தினாள்.

முதல் பிரௌசர். அவள் கை, மாநிறம். அழகாகவே இருந்தது.

டைலின் வலது ஓரத்தில் நான்கு விரல்கள்.

சாம்பல்.

இரண்டாவதில் பார்த்தாள். அதே விரல்கள். மூன்றாவதில். அதே சாம்பல், அதே நீலம். இம்மியும் மாறவில்லை. மூன்றிலும் ஒரே நிறம்.

சூளைச் சத்தம் கேட்கவில்லை. மழையும். பக்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அந்த வாடை மட்டும், மூக்கருகில்.

நர்மதா டைலை விட்டுவிட்டாள்.

டைல் விழவில்லை.